என் பேப்பரில் கவர்னர் ஆகாதவன்

இப்படி உள்ள தள்ளி உக்காருங்க தங்கச்சி, அந்த ஓரத்துல சாரல் அடிக்கும். தூத்துக்குடிக்குத்தானே? நானும் அங்கதான். முத்துக்குரல்னு ஒரு சாயங்காலப் பேப்பர், கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா. சரி, தீவுல இருக்கவங்களுக்கு எப்படித் தெரியும். அந்தப் பேப்பர் என்னுது. ஞானதிரவியம்னு பேரு. முதலாளி, ஆசிரியர், ப்ரூப் பாக்கது எல்லாம் நாந்தான்.

உங்ககிட்ட ஒரு சேதி சொல்லுதேன். நடுக்கடல்ல போன் எடுக்காது, நீங்களும் யாருகிட்டயும் சொல்ல முடியாது, அந்தத் தைரியத்துலதான் சொல்லுதேன். உங்க வெள்ளாழித் தீவு கவர்னருக்கு வேலை போச்சு. ஆமா, பொன்னுலிங்கத்துக்குத்தான். ஞாயித்துக்கிழமை டெல்லியில அறிவிக்கப் போறாங்க. நாம வெள்ளிக்கிழமை காலையில கரை எறங்கிருவோம். அன்னைக்குச் சாயங்காலம் என் பேப்பர்ல போட்டா, நாட்டுலேயே மொத ஆளு நாந்தான். போடவா வேண்டாமான்னு தெரியாம நேத்துல இருந்து இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கேன்.

பாத்தீங்களா, எந்திரிச்சே நின்னுட்டீங்க. பெரிய சேதிதான். உக்காருங்க. ஏன் எடுத்தாங்கன்னா கேக்கீங்க? அது ஒரு கோட்டித்தனமான, பைத்தியக்காரக் காரணம், பொறவு சொல்லுதேன். மொதல்ல அவன் எப்படிக் கவர்னர் ஆனான்னு கேளுங்க. என் வயிறு எரியுதது அங்கதான். மறைக்க மாட்டேன் தங்கச்சி, எனக்கு வயித்தெரிச்சல்தான். இல்லன்னு சொன்னா கர்த்தருக்கே பொறுக்காது.

பொன்னுலிங்கமும் பேப்பர்க்காரன்தான். துறைமுகச் செய்தின்னு அவன் பேப்பர். அதுவும் சாயங்காலப் பேப்பர்தான், அதே ஊரு, அதே தெரு. இதுல வேடிக்கை என்னன்னா, அவனுக்குன்னு அச்சு மிஷின் கெடையாது. என் மிஷின்லதான் அவன் பேப்பரும் ஓடும். ஒரு நாள் அவன் பேப்பர் மொதல்ல ஓடும், மறுநாள் என்னுது மொதல்ல ஓடும். மொதல்ல ஓடுனவன் கட்டுத்தான் திருச்செந்தூர் பஸ்ஸுல ஏறும். பிந்துனவன் பேப்பரை அங்க எவன் வாங்குவான்? அதனால மத்தியானம் ஆச்சுன்னா அவன் வந்து மிஷினுக்கு எதிர்த்தாப்புல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிடுவான். என் மொதப் பக்கத்தை அவன் பாக்கக்கூடாது, அவன் மொதப் பக்கத்தை நான் பாக்கக்கூடாது. பழைய வேட்டியைப் போட்டு மூடி வச்சுக்கிடுவோம். அப்பவும் எட்டிப் பாப்பான். நானும் பாப்பேன், அது வேற விஷயம்.

எழுத்துல நாங்க கீரியும் பாம்பும். நான் குடிதண்ணி வரலன்னு போட்டா, அவன் வந்துட்டுன்னு போடுவான். அவன் ஒரு ஆளை நல்லவன்னு எழுதுனா, நான் அந்தாளோட பூர்வீகத்தையே தோண்டிருவேன். சனங்க ரெண்டையும் வாங்கும். எவன் சொல்லுதது நெசம்னு பாக்கணும்லா.

ஆனா எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. அதை மட்டும் மீறுனதே கெடையாது. ஊர்ல முன்னால இன்னொரு பேப்பர்க்காரன் இருந்தான். அவன் பிள்ளைக்குக் காது குத்துனா மொதப் பக்கம், அவன் பொண்டாட்டி ஊருக்குப் போனா மொதப் பக்கம், அவன் கார் வாங்குனா படத்தோட மொதப் பக்கம். ஊரே சிரிச்சுது. பேப்பரும் மூடிப் போச்சு. அன்னைக்கு நானும் பொன்னுலிங்கமும் மிஷின் பக்கத்துல நின்னு பேசி வச்சுக்கிட்டோம். நம்ம வீட்டு நல்லது பொல்லதை நாம போடக்கூடாது. என் வீட்டுச் சேதியை அவன் போடணும், அவன் வீட்டுச் சேதியை நான் போடணும். பிடிக்குதோ பிடிக்கலையோ, மொதப் பக்கத்துல போடணும்.

என் சம்சாரம் கிரேஸ் தவறுனப்ப என் பேப்பர்ல ஒரு வரி கெடையாது. அவன் போட்டான். கறுப்புக் கட்டம் கட்டி, படம் போட்டு, அவ ஞாயித்துக்கிழமைப் பள்ளிக்கூடத்துல பாட்டுச் சொல்லிக் கொடுத்தது வரைக்கும் எழுதியிருந்தான். எனக்கே தெரியாத ரெண்டு விஷயம் அதுல இருந்துச்சு. எங்க விசாரிச்சானோ. அவன் மக கல்யாணத்துக்கு நான் போட்டேன். அரைப் பக்கம் போட்டேன். படம் கொஞ்சம் கறுப்பா விழுந்துட்டு. மை அப்படி, நான் என்ன செய்ய.

இப்ப அந்தக் கவர்னர் கதைக்கு வாரேன். பல வருஷத்துக்கு முன்னால ஊர்ல ஒரு பெருமழை. டெல்லிக்காரர் ஒருத்தர், கட்சி ஆளு, அப்ப ஒண்ணும் பெரிய ஆளு கெடையாது, கோரம்பள்ளம் பக்கத்துல காரு தண்ணியில மாட்டி, தொப்பலா நனைஞ்சு எங்க தெருவுக்கு வந்திருக்காரு. மொதல்ல எங்க வந்தாருன்னு கேளுங்க. என் பிரஸ் வாசலுக்கு. வாட்ச்மேன் உள்ள வந்து, அண்ணாச்சி, யாரோ இந்தியில பேசுதாரு, போன் பண்ணணுமாம்னான். எவனோ நன்கொடைக்கு வந்திருக்கான்னு நெனச்சு, நான் இல்லன்னு சொல்லிருன்னேன். வாட்ச்மேன் அதை அப்படியே போய்ச் சொன்னான். அந்தாளு நாலு வீடு தள்ளிப் போனாரு. நாலாவது வீடு பொன்னுலிங்கத்து வீடு.

அங்க ரெண்டு நாள் தங்கியிருக்காரு. பகவதி மதினி, அதாவது பொன்னுலிங்கத்து வீட்டுக்காரி, அந்தாளு சைவம்னு தனியா உலை வச்சுப் பொங்கிப் போட்டிருக்கு. பொன்னுலிங்கத்தோட வேட்டியைக் கட்டிக்கிட்டுத்தான் அவரு ஊருக்கே போனாரு. பொறவு அந்தாளு எங்கயோ போய்ட்டாரு. மந்திரி, அது இதுன்னு டெல்லியில பெரிய கை. உங்க தீவுக்கு ஆளு தேடும்போது, தூத்துக்குடியில ஒரு பேப்பர்க்காரர் இருக்காரு, தங்கமான மனுசன்னு சொல்லியிருக்காரு.

இப்பச் சொல்லுங்க தங்கச்சி. அந்தப் பதவி யாருது? என் வாசல்ல வந்து நின்ன பதவிலா அது. எனக்கும் வீட்டுல வேட்டி இருந்துச்சு. நான் ஒரு வார்த்தை, யாருன்னு எட்டிப் பாத்திருந்தா இன்னைக்கு அந்த மலை மேல, அந்த வெள்ளைப் பங்களாவுல நான்லா இருக்கணும்.

அறிவிப்பு வந்த அன்னைக்கு மத்தியானம் என்னுது மொதல்ல ஓடணும். டிவியில ஓடிட்டு, ஊர் பூரா வெடி போடுதாங்க. எங்க மிஷின்மேன் அந்தோணி ஓடி வந்து, அண்ணாச்சி, தலைப்பு மாத்திருவமா, பிளேட்டு இன்னும் ஏத்தலன்னான். எதுக்கு மாத்தணும்னேன். இல்ல, நம்ம அண்ணாச்சி கவர்னர் ஆயிருக்காகன்னான். எனக்குச் சுள்ளுனு வந்துட்டு. உப்பு விலை சரிஞ்சிருக்கு, ஊர்ல பாதிப்பேரு உப்புல பொழைக்கான், இதை விட என்னல பெரிய சேதின்னேன். உப்பு விலையே ஓடுச்சு.

அப்பதான் பொன்னுலிங்கம் உள்ள வந்தான். கழுத்துல யாரோ போட்ட மாலையைக் கழத்திக் கையில வச்சிருந்தான். எதிர்த்தாப்புல அந்த நாற்காலியில உக்காந்தான். இன்னைக்கு உனக்குத்தானே மொத ஓட்டம்னான். ஆமான்னேன். மிஷின்ல இருந்து விழுந்த மொதப் பேப்பரை எடுத்தான். மொதப் பக்கம் பாத்தான். உள்ளே பாத்தான். கடைசிப் பக்கம் பாத்தான். மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டு, சரிவே, வாரேன்னுட்டுப் போய்ட்டான். அவன் பேப்பர் என்னுதுக்குப் பொறவு ஓடுச்சு. அதுலயும் அந்தச் சேதி கெடையாது. வழக்கத்தை விடலையாம், பெரிய அரிச்சந்திரன். ஊரெல்லாம் வெடி, எங்க ரெண்டு பேப்பர்லயும் அவன் கவர்னர் ஆகல. டீக்கடையில சிரிச்சுருக்கானுவ, உங்க அண்ணாச்சிமாருக்கு டிவி இல்லையான்னு.

நான் ஏன் போடணும், சொல்லுங்க. வீட்டு விசேஷம்னாத்தானே நான் போடணும்? கவர்னர் ஆனது வீட்டு விசேஷமா? அது ஊர்ச் சேதி. ஊர்ச் சேதின்னா அவனே போட்டுக்கிட வேண்டியதுதானே. இதுதான் என் கட்சி. நான் வழக்கத்தை மீறல. வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான். என்ன, தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க? ஏன் எடுத்தாங்கன்னுதானே. சொல்லுதேன், சொல்லுதேன், பொறுங்க.

அவன் போன பொறவு எனக்கு ஒரே நிம்மதி. ஒவ்வொரு நாளும் என்னுதுதான் மொத ஓட்டம். அவன் மருமகன் மகாராஜன்தான் இப்பப் பேப்பரைப் பாக்கான். சொந்த மிஷின் வாங்கிட்டான், எங்கிட்ட வாரதில்ல. வந்ததும் வராததுமா மாமனார் படத்தைத் தினமும் போட ஆரம்பிச்சுட்டான். கவர்னர் கொடி ஏத்துனாரு, கவர்னர் ஆஸ்பத்திரிக்குப் போனாரு, கவர்னர் தும்முனாரு. அவனுக்கு வழக்கம் தெரியுமா மண்ணா. அந்தப் படத்தையெல்லாம் பாக்கப் பாக்க எனக்கு ராத்திரி சாப்பாடு எறங்காது. ஒரு படத்துல வெள்ளை உடுப்புப் போட்ட போலீஸு வரிசையா நிக்கான், இவன் நடுவுல நடந்து போறான். எப்பவும் பொத்தானை மாத்திப் போடுத பய, கோட்டு மாட்டிக்கிட்டுப் போறான். அந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்.

மிஷினுக்கு எதிர்த்தாப்புல அந்த நாற்காலி அப்படியேதான் கெடக்கு. வாரவன் போறவனை அதுல உக்கார விடுதது இல்ல. கால் கொஞ்சம் ஆடுது, எவனாவது விழுந்து தொலைச்சான்னா நமக்குத்தானே வம்பு.

என் பேப்பரும் முன்ன மாதிரி போகல. சனங்களுக்கு ருசி மாறிட்டு. நான் யாரைத் திட்டுதேன்னே எனக்குச் சரியா வரமாட்டேங்கு. மகாராஜனைத் திட்டி ஒருக்கா எழுதுனேன், அந்தப் பய அதைப் படிக்கவே இல்லையாம்.

இப்ப என் மக ஜெபக்கனிக்குக் கல்யாணம் வச்சிருக்கு. மாப்பிள்ளை நாசரேத்து, வாத்தியார். வழக்கப்படி துறைமுகச் செய்தியிலதானே வரணும்? நான் மகாராஜனுக்குச் சொல்லி அனுப்புனேன். விளம்பரம்னா அரைப் பக்கத்துக்கு இவ்வளவு, கால் பக்கத்துக்கு இவ்வளவுன்னு ஆள்கிட்டச் சொல்லி விடுதான். எனக்கு. என் மிஷின்ல ஓடுன பேப்பர்ல என் மக கல்யாணத்தைப் போட எனக்கு ரேட்டு சொல்லுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த நிமிசமே கெளம்பி, கப்பல் டிக்கெட் எடுத்து, அவன் மாமனாருக்கு நேர்லயே கல்யாணத்துக்குச் சொல்லிட்டு, நாக்கைப் பிடுங்குத மாதிரி நாலு கேள்வியும் கேட்டுட்டு வரணும்னுதான் உங்க தீவுக்கு வந்தேன். வீட்டைப் பாக்கணும்னு ஒரு ஆசையும் உண்டு. எப்படிப்பட்ட வீடு அதுன்னு.

நல்ல வீடு தங்கச்சி. சும்மா சொல்லக்கூடாது. நீங்க உள்ள போய்ப் பாத்திருக்கீங்களா? இல்லையா. ஒவ்வொரு சன்னல்லயும் கடல் தெரியும். எங்க ஊர்லயும் கடல்தான், ஆனா மீன் கம்பெனி நாத்தத்தோட தெரியும். வாசல்ல துப்பாக்கியோட நிக்கவன் சல்யூட் அடிச்சான். நானும் பதட்டத்துல திருப்பி அடிச்சுட்டேன். அவன் சிரிக்கல, பாவம், சிரிக்கக்கூடாதுன்னு சட்டம் போல.

பொன்னுலிங்கம் வேட்டியோட வந்தான். வாவே ஞானம்னான். ஊர்ல என் மிஷின் முன்னால கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டான். அதுல ஒரு மாத்தமும் இல்ல. எனக்கு அதுவே எரிச்சலா இருந்துச்சு. கொஞ்சம் கெத்து காட்டியிருந்தான்னா, நான் அதை ஊர்ல போய்ச் சொல்லிச் சிரிச்சிருப்பேன். மெலிஞ்சிருந்தான். தலைமுடி பூரா வெளுத்துட்டு. அதுவும் அவனுக்கு எடுப்பாத்தான் இருந்துச்சு.

மதினி எனக்குப் பிடிச்ச விளமீனைப் பொரிச்சு வச்சிருந்துச்சு. சாப்பிட்டுக்கிட்டே கல்யாணத்தைச் சொன்னேன். மருமகன் ரேட்டு சொன்ன கதையையும் சொன்னேன். அவன் சாப்பிடுதத நிறுத்திட்டான். மன்னிச்சுக்கவே, நான் அவன்கிட்டச் சொல்லுதேன், மொதப் பக்கத்துல வரும், ஜெபக்கனி சின்னப்பிள்ளையில பாடுனதுல இருந்து எழுதச் சொல்லுதேன்னான். அவ்வளவுதான். உடனே ஒத்துக்கிட்டான். என் சேதியை நீ போட்டியாவேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா என் கட்சியைச் சொல்லியிருப்பேன். வீட்டு விசேஷம், ஊர்ச் சேதி, எல்லாம் வரிசையா மனசுல வச்சிருந்தேன். கேக்கவே மாட்டேன்னுட்டான்.

அவன் ரூம்ல என் பேப்பர் அடுக்கி வச்சிருக்கு தங்கச்சி. கப்பல் வாரப்ப மொத்தமாக் கட்டு வருமாம். மருமகன் அனுப்புத பேப்பர் கட்டுப் பிரிக்காம மூலையில கெடக்கு. என்னுது மட்டும் பிரிச்சு, படிச்சு, மடிச்சு இருக்கு. மதினி சொல்லுச்சு, கட்டு வந்த அன்னைக்கு ஒரு சோலி பாக்க மாட்டாங்க அண்ணாச்சி, மொதப் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒவ்வொண்ணாத் தேடுவாங்க, என்னத்தத் தேடுதீங்கன்னா சொல்ல மாட்டேங்காங்கன்னு. எழுத்துப்பிழை தேடுவான், வேற என்ன. கவர்னர் ஆனாலும் அந்தப் புத்தி போகல.

மறுநாள் காலையில கடற்கரையில நடக்கக் கூட்டிட்டுப் போனான். பின்னால ரெண்டு போலீஸு. தள்ளி வாங்கப்பான்னு அவனுவளை நிறுத்திட்டு, எங்கிட்டச் சொன்னான். எங்க வீட்டுச் சேதி ஒண்ணு இருக்குவே, நீதான் போடணும்னான். என்னன்னேன். டெல்லியில இருந்து போன் வந்துச்சு, எறங்கச் சொல்லிட்டாங்க, ஞாயித்துக்கிழமை சொல்லுவாங்க, நீ வெள்ளிக்கிழமையே போய்ச் சேந்துருவ, உனக்கு முன்னால எவனுக்கும் தெரியாது, போட்டுக்கன்னான்.

என்ன சொல்ல. எனக்கு உடம்பெல்லாம் குளுகுளுன்னு வந்துச்சு. பொய் சொல்லல. அந்த மணல்ல நின்னுக்கிட்டே தலைப்பு யோசிச்சுட்டேன். கவர்னர் பதவியிலிருந்து பொன்னுலிங்கம் நீக்கம். மொதப் பக்கம் முழுசும். போஸ்டர்ல செவப்பு மையில போட்டு ஒவ்வொரு டீக்கடையிலயும் தொங்கவிடுதேன். மருமகன் அதைப் பாக்கணும். உப்பு விலைன்னு சிரிச்சவன் எல்லாம் பாக்கணும்.

அப்ப அவன் சொன்னான். ஆனா ஒண்ணு ஞானம், போட்டா ரெண்டையும் போடு. வந்ததையும் போடு, போனதையும் போடு. போனதை மட்டும் போட்டா, இவன் எப்பவே கவர்னர் ஆனான்னு உன் பேப்பரைப் படிக்கவன் கேப்பான்லா. இல்லையா, ரெண்டையும் போடாத. உன் பேப்பர்ல நான் கவர்னரே ஆகல, அதனால எனக்கு ஒண்ணும் போகவும் இல்ல, பேசாம வந்து பழையபடி உன் மிஷினுக்கு முன்னால உக்காந்துக்கிடுதேன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.

இதுதான் தங்கச்சி என் கழுத்துல கெடக்க கயிறு. போனதைப் போடணும்னு கை துடிக்கு. அதுக்கு வந்ததையும் எழுதணும். காலையில இருந்து எழுதிப் பாக்கேன். தூத்துக்குடியைச் சேர்ந்த பத்திரிகை அதிபர் பொன்னுலிங்கம் வரைக்கும் வருது. அதுக்கு மேல, கவர்னராக நியமனம்னு எழுத பேனா நகர மாட்டேங்கு. ஒரு வார்த்தை. எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கேன், தாசில்தாரா நியமனம், தலைமையாசிரியரா நியமனம். இவனுக்கு எழுதும்போது மட்டும், அந்த மழைத்தண்ணியில என் வாசல்ல நின்ன ஆளு கண்ணுக்கு முன்னால வந்து நிக்காரு.

சரி, காரணம் கேட்டீங்கள்லா. கோட்டிக்காரத்தனம். அதையும் அவனா சொல்லல, மதினிதான் சொல்லுச்சு. தீவுல ஆமைத்துறைன்னு ஒரு கடற்கரையாம். அதைப் பூரா ஏதோ ஒரு கம்பெனிக்கு ஓட்டல் கட்டக் குடுக்கணும், கையெழுத்துப் போடுன்னு மேல இருந்து சொல்லியிருக்காங்க. நாலஞ்சு தடவை சொல்லியிருக்காங்க. இவன் மாட்டேன்னு உக்காந்துட்டான். ஒரு கையெழுத்து தங்கச்சி. அதைப் போட்டுட்டு அந்தப் பங்களாவுல காலாட்டிக்கிட்டு இருக்கத விட்டுட்டு, மீன் காயப்போடுத நாலு குடிசைக்காகப் பதவியை விடுவானா எவனாவது? நானா இருந்தா...

என்ன தங்கச்சி. என்ன, கண்ணைத் தொடைக்கீங்க. காத்துக்கா? இந்தப் பக்கம் காத்து இல்லையே.

எந்த ஊரு நீங்க?

ஆமைத்துறையா. அந்த ஆமைத்துறையா?

நான் ஒரு ஆளு. பாருங்க, இவ்வளவு நேரம் பேசுதேன். தொடைங்க, மொதல்ல தண்ணி குடிங்க. அப்பவே எந்திரிச்சு நின்னீங்களே, அதுக்குத்தானா. சேதி பெருசுங்கதால நின்னீங்கன்னுலா நெனச்சேன்.

ஓட்டலுக்கு எல்லைக் கல்லு நட்டாங்களா? உங்க வீட்டு வாசல்லயே அளந்து நட்டாங்களா. சரி. பொறவு? அவனா வந்தானா? போலீஸு இல்லாமயா. உங்க வீட்டுல உக்காந்தானா. என்னது, அவனே பிடுங்கிப் போட்டானா, அந்தக் கல்லையா? வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டா. அம்புட்டுக் கல்லையுமா.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே தங்கச்சி அவன். ரெண்டு நாள் கூடவே இருந்தேன். கடற்கரை மணல்லதான நடந்தோம். வெயிலு வந்துட்டு, திரும்புவோம்னான், அவ்வளவுதான் சொன்னான்.

அழாதீங்க. இல்ல, அழுங்க. எனக்குத்தான் பாக்க முடியல. உங்களுக்கு அவன் என்ன ஒறவா, என்ன சாதியா, என்ன ஊரா? அவனுக்காக நடுக்கப்பல்ல உக்காந்து ஒரு பொம்பள அழுதா. கிரேஸ் போன பொறவு எனக்காக அழ ஒரு ஆளு கெடையாது தங்கச்சி. நாளைக்கு என் பேப்பர் நின்னுபோனா திருச்செந்தூர் பஸ் கண்டக்டர் கூட ஏன்னு கேக்க மாட்டான். அந்தப் பங்களா மேல பட்ட பொறாமையெல்லாம் பொறாமையே இல்ல. கொடி, சல்யூட், கடல் தெரியுத சன்னல், எல்லாத்தையும் விட்டுத்தள்ளுங்க. இதுதான் எனக்குத் தாங்கல. இது என் வாசலுக்கு வந்த பதவியில சேத்தி கெடையாது பாத்துக்கிடுங்க. நான் கதவைத் தொறந்திருந்தாலும் எனக்குக் கெடைச்சிருக்காது. ஏன்னா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அன்னைக்கே போட்டிருப்பேன்.

திங்கக்கிழமை மறுபடி கல்லு நட வந்துருவானுவளோ? வந்துருவானுவ. புது ஆளு வந்து உக்காந்ததும் மொதக் கையெழுத்து அதுவாத்தான் இருக்கும். அதுக்கு முன்னால ஊருக்குத் தெரியணும். உங்க சனம் தூத்துக்குடியில எங்க இருக்கு? திரேஸ்புரத்துலயா? பூராவுமா? திரேஸ்புரத்துல என் பேப்பர்தான் தங்கச்சி போகும். துறைமுகச் செய்தி அங்க போகாது. வலை பின்னுத எடத்துல ஒருத்தன் சத்தமாப் படிப்பான், பத்துப் பேரு கேப்பான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துட்டுன்னா சனிக்கிழமை கலெக்டர் ஆபீஸு வாசல்ல அம்புட்டுப் பேரும் நிப்பாங்க. ஞாயித்துக்கிழமை டெல்லிக்காரனுக்கு வாயைத் தொறக்கதுக்குக் கொஞ்சம் யோசனை வரும். வருமோ வராதோ, அது அவங்க பாடு.

ரெண்டையும் போடணும். வந்ததைப் போடாம போனது எப்படிப் புரியும். இந்தக் கல்லை நடச் சொன்னது யாரு, பிடுங்கினவனை நியமிச்சது யாருன்னு மொதல்ல இருந்து சொல்லணும்லா.

இந்தாங்க, இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க, வெளிச்சம் வரட்டும். எழுதுதேன். வயிறு எரியத்தான் செய்யுது. எரிஞ்சுக்கிட்டே எழுதுதேன், அச்சுல அது தெரியவா போகுது. இந்தா, நியமனம்னு எழுதிட்டேன் பாருங்க. கோணலா விழுந்திருக்கு, பரவால்ல. இப்ப அந்தக் கல்லுக் கதையை மொதல்ல இருந்து சொல்லுங்க. அவசரமில்ல, பையச் சொல்லுங்க. என்னென்ன சொன்னான், யாரு வீட்டுல தண்ணி குடிச்சான், எல்லாம் வேணும்.

மொதல்ல உங்க பேரைச் சொல்லுங்க.